ஐப்பசி முதல் ஞாயிறு

புரட்டாசி பிறந்துவிட்டால் கடலே கொஞ்சம் கண்ணயர்ந்து கிடப்பதுபோல் தோன்றும் தசரதனுக்கு. மேடவாக்கத்திலும் பெரும்பாக்கத்திலும் பாதி வீடுகளில் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். கரையில் ஏலம் கேட்க ஆள் இருக்காது. காற்றும் அந்த மாதத்தில் ஒரு முடிவுக்கு வராது. தெற்கே இருந்து அடித்தது ஓய்ந்துபோய், வடக்கே இருந்து வரவேண்டியது இன்னும் வராமல், காலை வேளையில் தண்ணீர் எண்ணெய் பூசியதுபோல் அசையாமல் கிடக்கும். வலையை விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்தினால் ஃபைபர் படகு தன்பாட்டுக்கு மெதுவாகச் சுற்றும். கிழக்கே பார்த்து உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் கரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கானாத்தூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பும், அதற்குப் பின்னால் எழும்பி நிற்கும் அடுக்குமாடிகளும் மங்கலாக மிதக்கும்.

அப்படி ஒரு காலையில், ஐஸ் பெட்டியின் மேல் நிறுத்தி வைத்திருந்த செல்போன் பேசிக்கொண்டிருந்தது.

"சென்ற வகுப்பில் கவனம் என்றால் என்ன என்று பார்த்தோம். இன்று உறக்கத்தைப் பற்றிப் பார்ப்போம்."

"டீச்சரு வந்துட்டாங்கோ," என்றான் மோகன்ராஜ். தசரதனின் மனைவி ஜெயக்கொடிக்குத் தம்பி அவன். படகில் மாமனும் மச்சானும் இரண்டே பேர்தான்.

"சும்மா கெட மச்சான். காதக் குடுத்துக் கேளு."

போன் ஜெயக்கொடியுடையது. தசரதனின் போன் ஆடி மாதத்தில் அலையடித்துத் தண்ணீருக்குள் போய்விட்டது. கடலுக்குப் போகிறவன் கையில் போன் இல்லாமல் போகக்கூடாது என்று அவள்தான் தன்னுடையதைக் கொடுத்தனுப்புவாள். "பாடத்தை எல்லாம் எறக்கி வெச்சிருக்கேன். தெரியாத்தனமா அழிச்சிடாத," என்று ஒவ்வொரு நாளும் சொல்லித்தான் கொடுப்பாள். பாட்டு தேடிய தசரதனின் கட்டைவிரல் ஒருநாள் தவறிப்போய் அந்த டீச்சரின் மேல் விழுந்தது. உளவியல் பாடம். தமிழிலேயே நடத்தினார் அந்த அம்மா. அவசரமே இல்லாத குரல். சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஆனால் காது கேட்க வேறெதுவும் இல்லாத அந்த வெட்டவெளியில் பாதியே போதுமானதாக இருந்தது. மறுநாள் மோகன்ராஜே, "மாமா, அந்தம்மாவப் போடேன்," என்று கேட்டான்.

"கனவு காணும்போது, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசைகின்றன," என்று டீச்சர் சொன்னார். "அந்த நேரத்தில் நம் கைகால் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. கனவில் ஓடுகிற நாம் படுக்கையில் எழுந்து ஓடாமல் இருப்பது அதனால்தான்."

மோகன்ராஜ் குனிந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்த்தான்.

"அப்ப மீனுக்குக் கனவு வருமா மாமா? அத்துக்கு இமையே இல்லியே."

"டீச்சர் மீனப் பத்திச் சொல்லலியேடா."

"அக்காகிட்ட கேளு. அது படிச்சிருக்கும்."

ஜெயக்கொடியின் திட்டம் ஆனி மாதத்தில் ஆரம்பித்தது. மேடவாக்கத்தில் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் நிஷா என்ற பெண் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள். பேச்சுவாக்கில் அவள் சொன்னதுதான் விதை. வீட்டிலிருந்தே, நம் வேகத்தில் படித்து, பரீட்சை மட்டும் எழுதி டிகிரி வாங்கலாம். ஜெயக்கொடி கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரம் பக்கம் ஒரு காலேஜில் ஒரு வருஷம் பி.காம். படித்தவள். அப்பா போனதும் படிப்பும் போனது. நிஷா சொன்ன நாளிலிருந்து மீன் அறுக்கிற கை அறுத்துக்கொண்டே இருக்க, மனசு எங்கேயோ கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

தசரதனுக்கு அவள் அதை விளக்கிய பகல் நன்றாக நினைவிருக்கிறது. கூழும் சுட்ட நெத்திலிக் கருவாடும் எடுத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மொத்தப் படிப்பையும் காசு கட்டிப் படிச்சா நம்மால முடியாது. அதனால சில பாடத்த மட்டும் இந்த இலவசப் பாடமா எடுத்துக்கறது. பரிச்சைக்கு மட்டும் கட்டணும். பாஸ் பண்ணா அதுக்கு இத்தன கிரெடிட்டுன்னு நம்ம பேர்ல ஏத்திடுவாங்க."

"கிரெடிட்டுன்னா கடன்தானே கொடி? படிக்கிறதுக்கு எவன் கடன் குடுக்குறான்?"

"ஐய, அந்த கிரெடிட்டு இல்ல. இது நம்முது. சம்பாதிச்சுச் சேத்து வெக்கிறது. ஐஸ் பெட்டில மீனு மாதிரி. கொஞ்ச வருசம் கெட்டுப்போவாது. சேர்ற எடத்துல எந்தப் பாடம் செல்லும், எது செல்லாதுன்னு போன் போட்டுக் கேட்டுட்டேன். செல்லாததப் படிச்சுட்டு அப்புறம் குத்துதே கொடையுதேன்னு குந்திகினு இருக்கக் கூடாதுல்ல?"

"எவ்ளோ நாளாவும்?"

"ஆவும்போது ஆவட்டும். நான் இன்னா ரயிலயா புடிக்கணும்? ஒரு தடவைக்கு ஒரு பாடம், முடிஞ்சா ரெண்டு. மீனு ஆயும்போது காதுல மாட்டிகினு கேட்டா யாரு கேக்கப் போறாங்க?"

"படிச்சு இன்னா பண்ணப் போற?"

"மீனவப் பொம்பளைங்க சொசைட்டில கணக்கு பாக்குற வேலைக்கு எப்பவும் வெளியாளுதான் வர்றாங்க. நம்மள்ல டிகிரி படிச்சவ இல்லன்னு சொல்றாங்க. அங்க போலாம்." பிறகு கருவாட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளிவிட்டு, "கெடைக்கலன்னாலும் படிச்சது படிச்சதுதான்," என்றாள்.

அவனுக்கு மறுப்பு ஒன்றும் தோன்றவில்லை. திட்டம் என்பது அவ்வளவு தூரத்தில் இருந்தது, எதிர்க்கரை மாதிரி.

அது பக்கத்தில் வந்தது ஒரு மத்தியானம்தான். வியாபாரம் முடிந்து வந்தவள் குளித்துவிட்டு, பாடம் கேட்கிறேன் என்று பாயில் சாய்ந்து, கேட்டுக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள். காதில் மாட்டியிருந்த இயர்போன் ஒன்று நழுவித் தோளில் கிடந்தது. அதற்குள் இருந்து டீச்சரின் குரல் கொசுவைப்போல் ரீங்காரமிட்டது. மகள் மிருதுளா பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் ஓட்டையிலிருந்து விழுந்த வெயில் சுவரில் நடுங்கிக்கொண்டிருந்தது. தசரதன் போனை அணைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவள் இமைக்குள் கண்மணிகள் ஓடிக்கொண்டிருந்தன. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். டீச்சர் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தும் இதை அவன் பார்த்ததில்லை. கைகள் தளர்ந்து பாயில் கிடக்க, அவள் மட்டும் எங்கேயோ வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். அவனுக்குத் தெரியாத ஏதோ ஒரு தெருவில். இவள் படித்து முடித்தபிறகு இந்த வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்வாளா?

எழுந்ததும் கேட்டான். "இன்னா கனாக் கண்ட?"

"தெர்லயே. ஏன்?"

"சும்மாத்தான். கண்ணு ஓடிச்சு."

அவள் அவனை ஒரு தினுசாகப் பார்த்தாள். "பாடத்த நீ படிச்சுகினு இருக்கியா, நான் படிக்கிறேனா?" என்று சிரித்தாள். "கூடையத் தூக்கிகினு போறேன். கூடை நெறைய வெறும் தண்ணி. ஒரு சொட்டுகூட ஒழுவல. அவ்ளோதான் ஞாபகம் கீது."

பரீட்சைத் தேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரத்தைத் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில். ஐப்பசியின் முதல் ஞாயிறு அது.

மீன் விற்கிறவர்களுக்கு அந்த நாளைப்பற்றி யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஒரு மாதம் முழுக்க வாயைக் கட்டிப்போட்ட ஊர் மொத்தமும் அன்று கையில் பையோடு கிளம்பும். அன்று விற்காதவள் என்றைக்கும் விற்கமாட்டாள். மேடவாக்கத்தில் ஜெயக்கொடி உட்காருவது மேம்பாலத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் லாரிகள் திரும்புகிற முனையில். அந்த இடத்துக்கு யாரும் பட்டா கொடுக்கவில்லை. தினம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த உரிமைதான். நாவலூரிலிருந்து வருகிற ஒரு பெண்ணுக்கு நெடுநாளாக அந்த முனையின்மேல் கண்.

செய்தி கேள்விப்பட்டு தசரதனின் அக்கா சரசு வந்தாள். பெரும்பாக்கத்தில் மீன் விற்பவள் அவள். ஜெயக்கொடிக்கு அந்த முனையைப் பிடித்துக் கொடுத்தவளும் அவள்தான். வந்தவள் வாசலிலேயே குந்தினாள்.

"இன்னாமே, மெய்யாலுமா? அன்னிக்குப் பாத்தா பரிச்சைக்குப் போற?"

"தேதி நான் வெச்சதா அண்ணி? அவங்க வெச்சது."

"அடுத்த தபா எழுதேன். ஓடியா பூடும்?"

"இந்தத் தடவ உட்டா அடுத்தது சித்திரையோ வைகாசியோ. கட்டுனதும் போவும். எல்லாம் தள்ளிப்பூடும்."

"எடம் போனா இன்னா பண்ணுவ? அன்னிக்கு ஒரு நாளு அவ குந்தட்டும், மறுநா நீ போய் எழுப்பிப் பாரு. எழுந்திருப்பாளா? எனக்கு எம்மேல இருக்கற பாரமே தாங்கல, நான் ரெண்டு எடத்துல குந்த முடியுமா?" அவள் குரலில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகம். "தோ பாரு, நீ படிக்கிறது எனக்குப் பேஜாரு இல்ல. படி. ஆனா சோறு போடுற எடத்த உட்டுட்டுப் படிக்காத. டேய் தசரதா, நீ இன்னாடா ஊமையாட்டம் குந்திகினு கீற? சொல்லேன்."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வலையின் அறுந்த கண்ணியை முடிந்துகொண்டிருந்தான். ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னால் போதும். எல்லாம் இருந்தபடியே இருக்கும். அவள் முனையில் உட்காருவாள், மத்தியானம் வருவாள், இந்தப் பாயில் படுப்பாள். அந்த நினைப்பு அவனுக்கு இதமாக இருந்தது. இதமாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"யோசிப்போம்க்கா," என்றான்.

ஜெயக்கொடி அவனையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

மறுநாள் கடலில் மோகன்ராஜ் போனை எடுத்து நிறுத்தி வைத்தான். தடவிப் பார்த்தான். மேலும் கீழும் தள்ளினான்.

"மாமா, டீச்சரக் காணோமே."

"நல்லாப் பாருடா."

"எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணுகூட இல்ல. நீ அழிச்சிட்டியா?"

தசரதன் போனை வாங்கிப் பார்த்தான். மிருதுளாவின் படங்கள் இருந்தன. காற்று எப்படி, அலை எப்படி என்று வருகிற தகவல்கள் இருந்தன. பாடம் இருந்த இடம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவன் அழிக்கவில்லை. அழிக்கக்கூடாது என்று தினமும் சொன்னவளே அழித்திருக்கிறாள்.

படகு மெதுவாகச் சுற்றியது. கரை வந்தது, போனது. இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதே அமைதிதான், தண்ணீர் பலகையைத் தட்டுகிற சத்தம்தான். ஆனால் அன்று அது தாங்கவில்லை. டீச்சர் அடுத்து ஞாபகத்தைப்பற்றிச் சொல்வதாக இருந்தார். மறதி ஏன் வருகிறது என்று சொல்வதாக இருந்தார். பாதியில் எழுந்துபோன மாதிரி இருந்தது. கடலில் போய்க் கேட்கிற தனக்கே இப்படி இருந்தால் அவளுக்கு, என்று நினைத்தவன் அந்த நினைப்பை முடிக்காமல் எழுந்து நின்றான்.

"வலைய இழுடா மச்சான்."

"இப்பத்தானே உட்டோம்?"

"இழுன்றேன்."

ஜெயக்கொடி கரையில் கூடையோடு நின்றிருந்தாள். படகு மணலில் ஏறுவதற்கு முன்பே அவன் குதித்து இறங்கினான்.

"அழிச்சத மறுபடியும் எறக்க முடியுமா?"

"எதுக்கு?"

"முடியுமா முடியாதா சொல்லு."

"முடியும். அது அங்கயேதான் கீது. எங்க போவப்போவுது?"

"எறக்கு. ஞாயித்துக்கெழம நான் குந்துறேன் முனைல."

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. "நீயா? மீனு விக்கவா?"

"ஏன், புடிக்கிறவன் விக்கக் கூடாதா?"

"நம்ம குப்பத்துல எந்த ஆம்பள கூடையத் தூக்கிகினு போய் ரோட்டுல குந்தியிருக்கான்? சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. அன்னிக்கு விடியக் கருக்கல்லயே போய்ட்டு வந்துடுவோம் நானும் மச்சானும். நீ பரிச்சைக்குப் போ." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த மறதி பாடத்த மொதல்ல எறக்கு. மோகனுக்கு அது வேணுமாம்," என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடல் காற்றில் உப்பு அதிகம்தான். கண் எரியும்.

அந்த ஞாயிறு மேகமூட்டமாக விடிந்தது. வடக்கத்திக் காற்று லேசாகத் தொட ஆரம்பித்திருந்தது. வலையில் கிழங்கான் நிறைய விழுந்திருந்தது, கொஞ்சம் சங்கரா, ஒரு கை இறால். ஜெயக்கொடி எலுமிச்சம்பழத்தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, ஊதா நிற சுடிதார் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள். போகும்போது, "தராசு நேரா கீதான்னு பாத்துக்கோ. கோவப்படாத," என்று மட்டும் சொன்னாள்.

குட்டியானை மினி லாரியில் கூடைகளுக்கு நடுவே எட்டுப் பெண்களோடு ஒற்றை ஆணாகக் குந்தியிருந்தான் தசரதன். சிரித்தார்கள்தான். அக்கரைப் பாலம் தாண்டும்வரை சிரித்தார்கள். சோழிங்கநல்லூர் தாண்டியதும் பேச்சு அவரவர் கூடைக்குத் திரும்பியது. பெரும்பாக்கத்தின் சதுப்புநிலம் இடையிடையே தெரிந்தது. புல்லுக்கு நடுவே பளபளத்த தண்ணீரில் வெள்ளைப் பறவைகள் யாரோ நட்டு வைத்தவைபோல் நின்றிருந்தன. ஜெயக்கொடி தினமும் பார்க்கிற பாதை. அவன் இந்த வழியில் இந்த நேரத்தில் வந்ததே இல்லை. அவளுடைய காலை நேரத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட மாதிரி, தூக்கக் கலக்கத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போனான்.

அதே வண்டியில் வந்த சரசு இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "தண்ணி தெளிச்சுகினே இரு. காய உட்டுடாத." இரண்டடி போனவள் திரும்பி வந்து, தன் குடையை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

முனையில் நாவலூர்ப் பெண் ஏற்கெனவே வந்து நின்றிருந்தாள். கூடையோடு ஒரு ஆம்பளை வந்து இறங்குவதைப் பார்த்ததும் என்ன நினைத்தாளோ, பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அதற்குப்பிறகு அவளைக் கவனிக்க அவனுக்கு நேரம் இல்லை. கால்கள், பைகள், ஸ்கூட்டர்கள், ஹாரன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் குறைத்துக் கேட்டதும் குறைத்தான். அடுத்தவர் இன்னும் குறைத்துக் கேட்டார்.

அப்புறம் ஒரு பெரியவர் கிழங்கானின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஐஸ் மீனாப்பா? எத்தன நாளாச்சு?" என்று கேட்டார்.

தசரதனுக்குச் சுருக்கென்று ஏறியது. கோபப்படாதே என்றது நினைவுக்கு வந்தது. "சார், இத்த வலைலேர்ந்து எடுத்தது இந்தக் கைதான். நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கயிறு அறுத்த தழும்புகள் இருந்தன.

"நீங்களே புடிச்சதா?" என்று பின்னால் நின்ற ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேர் பார்த்தார்கள். அதன்பிறகு யாரும் அவனிடம் பழசா புதுசா என்று கேட்கவில்லை. எங்கே விழுந்தது, எவ்வளவு தூரம் போவீர்கள், பயமாக இருக்காதா என்று கேட்டார்கள். நிஷா வந்து, "அக்கா எழுதப் போயிட்டாங்களா?" என்று கேட்டு, அவன் தலையாட்டியதும் தன் சொந்தப் பரீட்சைபோல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பதினோரு மணிக்குத் தூறியது. குடையை மீனுக்குப் பிடித்துவிட்டு அவன் நனைந்தான்.

பரீட்சையின் முடிவு வெகுநாள் கழித்து, மழையெல்லாம் ஓய்ந்தபிறகுதான் வந்தது. தேறியிருந்தாள். பெரிய மார்க் இல்லை, ஆனால் தேவையான கிரெடிட் அவள் பேரில் ஏறியிருந்தது. அடுத்து கணக்கியல் எடுத்தாள். கடலில் கேட்க லாயக்கில்லாத பாடம் என்று மோகன்ராஜுக்கு அதில் பெரிய வருத்தம். அதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று அந்த முனையில் தசரதனுக்கு அதொன்றும் தெரியாது. வெயில் மேகத்துக்குள்ளிருந்து வருவதும் போவதுமாக இருந்தது. கூட்டம் வற்றி, கூடையில் கொஞ்சம் கிழங்கான் மட்டும் மிச்சம். அரிவாள்மணையில் குனிந்து யாருக்கோ செதில் எடுத்துக்கொண்டிருந்தான். செதில்கள் முழங்கையெல்லாம் ஒட்டி மினுங்கின. காலையிலிருந்து கேட்ட குரல்கள் எல்லாம் தலைக்குள் அலையடித்துக்கொண்டிருந்தன. எதிரே இன்னொரு ஆள் வந்து நின்றது நிழலில் தெரிந்தது.

"கெழங்கா எப்படி?"

தலையைத் தூக்காமலே விலையைச் சொன்னான்.

"அவ்ளோவா? கொறைச்சுச் சொல்லுங்க. பக்கத்துல அந்தம்மா கம்மியாத் தர்றாங்க."

"அப்ப அங்கயே வாங்கிக்கங்க," என்றவன் நிமிர்ந்தான்.

ஊதா சுடிதாரில், தோளில் பையோடு, ஜெயக்கொடி நின்றிருந்தாள். தாம்பரத்திலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. விரலில் பேனா மை. கூடைக்கு அந்தப் பக்கம் அவளை அவன் பார்ப்பது இதுவே முதல் தடவை. எங்கிருந்தோ வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எங்கோ போகப்போகிற ஒருத்தியைப்போல் இருந்தாள். அவன் கையிலிருந்த மீனை வைத்துவிட்டு, இடத்தைக் கொடுக்க எழப்போனான்.

"யாரு எந்திரிக்கச் சொன்னது? குந்து," என்றாள் அவள். "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. கொறைப்பியா, மாட்டியா?"

"எப்படி எழுதின?"

"அத்த அப்புறம் சொல்றேன். வெலையச் சொல்லு."

முகத்தில் துளி சிரிப்பு இல்லை அவளுக்கு. கண்ணில் மட்டும் இருந்தது. அவன் மணையை இழுத்துப் போட்டு நன்றாக உட்கார்ந்துகொண்டான். மிச்சமிருந்த கிழங்கான்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தான்.

"கொறைக்க முடியாது மேடம்," என்றான். "நானே புடிச்சது."

அந்த வார்த்தை இருவருக்கும் நடுவில், ஈரக் கூடைமேல், ஒரு கணம் நின்றது. ஜெயக்கொடி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு பையைத் திறந்தாள். ஹால்டிக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பர்ஸை எடுத்தாள்.

"அப்ப எல்லாத்தையும் போடுங்க," என்றாள். "ஆய்ஞ்சு குடுக்கணும். வூட்ல எம்புருசன் காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல."